இடுப்பு அறுவைக்குப் பின் வீட்டுப் பராமரிப்பு: 24 மணி நேரமும் செவிலியர் தேவையா? (கடலூர் – புதுச்சேரி)

கெடிலக்கரையான், திருப்பாதிரிப்புலியூர்:

அனைவருக்கும் வணக்கம். 74 வயதான என் தாயார் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்ததில் இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில், முறிந்த பந்துப் பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து பொருத்தும் அறுவை நடந்திருக்கிறது. மறுநாளே வாக்கரைப் பிடிக்க வைத்து நாலடி நடத்தியும்விட்டார்கள். இரண்டொரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.

நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். சென்னையில் இருக்கும் தங்கை முதல் இரண்டு வாரங்கள் வந்து தங்குவதாகச் சொல்கிறாள். இதற்கிடையில் மருத்துவமனையின் பில் கவுண்டரில் ஒரு ஹோம் நர்சிங் ஏஜென்சியின் அட்டையைக் கொடுத்து, வயதானவர் என்பதால் 24 மணி நேரமும் நர்ஸ் வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு என்றார்கள். அந்த ஏஜென்சியிடம் பேசினால் பதிவுக் கட்டணம், ஒரு மாத முன்பணம், சாப்பாடு, தங்கும் இடம் என்று எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்கிறார்கள். வரப்போகிறவர் என்ன படித்தவர் என்று கேட்டால் மட்டும், எல்லாரும் டிரெயினிங் முடித்தவர்கள் என்பதற்கு மேல் பதில் வரவில்லை. இந்தப் பக்கத்தில் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


வீட்டுச் செவிலி, புதுச்சேரி:

ஐயா, நான் ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோ முடித்துப் பதிவு பெற்ற செவிலி. மருத்துவமனை வேலையை விட்ட பிறகு புதுச்சேரியிலும், பாகூர், கிருமாம்பாக்கம் பக்கமும் வீடுகளுக்குச் சென்று வருகிறேன். என் பிழைப்புக்கு நானே குறுக்கே நிற்பதுபோல் இருந்தாலும் பரவாயில்லை: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் தாயாருக்கு 24 மணி நேரச் செவிலி தேவைப்படவில்லை.

அவருக்கு இனி ஆக வேண்டியவை மூன்று விதமான வேலைகள். ஊசி, புண்ணைப் பார்ப்பது, தையல் பிரிப்பது ஆகியவை படித்த செவிலியின் வேலை. அதற்கு நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் போதும், பல நாட்கள் அதுவும் வேண்டியிருக்காது. எழுந்து நிற்கக் கைகொடுப்பது, கழிவறைக்குக் கூடவே போவது, குளிக்க வைப்பது, நேரத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுப்பது ஆகியவை அட்டெண்டரின் வேலை. அது நாள் முழுவதும் இருக்கும். நடக்கப் பழக்குவது பிசியோதெரபிஸ்டின் வேலை. இந்த மூன்றையும் ஒரே ஆளிடம் எதிர்பார்த்து நர்ஸ் என்ற பெயருக்குப் பணம் கட்டுகிறார்கள். வந்து சேர்பவரோ பெரும்பாலும் சில வாரப் பயிற்சி மட்டும் பெற்ற அட்டெண்டராகவே இருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, அட்டெண்டர் வேலையை என்னைவிட நன்றாகச் செய்பவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இன்சுலின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவரைக் கேட்கக் கூடாது. கேட்டால் அவரும் ஏதாவது சொல்லத்தான் செய்வார்.

செவிலி என்று சொல்லி அனுப்பினால் படிப்பையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். துணைச் செவிலியருக்கான ஏ.என்.எம். 2 ஆண்டு, ஜி.என்.எம். 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுப் படிப்பு. தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் என்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் சான்றிதழ் கையில் இருக்கும். காட்டச் சொன்னால் உண்மையான செவிலி யாரும் முகம் சுளிக்க மாட்டார்.

ஊசி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்காகத்தான் பல வீடுகளில் தினமும் செவிலியை வரவழைக்கிறார்கள். இடுப்பு அறுவைக்குப் பிறகு காலின் உள் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க மருந்து தருவார்கள். மாத்திரையாகவும் இருக்கலாம், வயிற்றுத் தோலில் போடும் ஊசியாகவும் இருக்கலாம். இடுப்புக்கு இது 35 நாட்கள் வரைகூடப் போகும். ஊசி மருந்து நிரப்பிய சிரிஞ்சாகவே வருகிறது. தொப்புளுக்கு அருகில் போடாமல் பக்கவாட்டில் தள்ளி, தோலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, நேராகக் குத்தி மெதுவாகச் செலுத்த வேண்டும். உள்ளே தெரியும் காற்றுக் குமிழை வெளியேற்றக் கூடாது, போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது. தேய்த்தால் ரத்தம் கட்டி நீலமாகிவிடும். ஒரு நாள் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தால் உங்கள் தங்கையே அடுத்த நாளிலிருந்து போட்டுவிடுவார். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பைக் கூடையில் வெறுமனே போடாமல் கனமான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, வருகிற செவிலியிடமோ மருத்துவமனையிலோ ஒப்படையுங்கள். குப்பை அள்ளுகிறவரின் கையில் குத்தும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

டிரெஸ்ஸிங்கைத் தினமும் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். இப்போது ஒட்டும் டிரெஸ்ஸிங்கை நனையாமலும் கசியாமலும் இருக்கும்வரை அப்படியே விட்டுவிடும்படிதான் பல அறுவை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அடிக்கடி திறந்தால் கிருமிக்கு வழிவிட்டதாகத்தான் ஆகும். தையலோ ஸ்டேபிளோ பொதுவாக 10 முதல் 14 நாட்களுக்குள் எடுக்கப்படும்.


முதுநகர்வாசி, கடலூர்:

செவிலி அம்மா எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. என் தந்தைக்குத் தொடை எலும்பில் கம்பி பொருத்திய பிறகு நாங்களும் ஒரு ஏஜென்சியைத்தான் நம்பினோம், பெயர் வேண்டாம். முதலில் வந்த பையன் நல்லவன். பத்து நாள் பழகி அப்பாவின் சுபாவம் அவனுக்குப் பிடிபட்ட நேரத்தில் அவனை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு இன்னொருவரை அனுப்பினார்கள். அவருக்கு வாக்கரை எப்படி விரிப்பது என்பதே தெரியவில்லை. அப்பாவை எழுப்ப இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்துத் தூக்கினார். அப்பா வலியில் கத்தியது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, மாற்று ஆள் அனுப்பிவிட்டதால் பணம் திரும்பாது என்று ரசீதின் பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார்கள்.

ஆகவே பேசும்போதே எழுத்தில் வாங்குங்கள். ஆள் மாறினால் புதியவருக்குப் பழையவர் ஒரு நாள் கூட இருந்து காட்டிக்கொடுப்பாரா, பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா, அவருக்கு விடுப்பு நாள் எது, அன்றைக்கு யார் வருவார் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். ஆதார் நகல் வாங்குவதும், காவல்துறைச் சரிபார்ப்பு ஆகியிருக்கிறதா என்று கேட்பதும் அவமதிப்பு அல்ல. அந்த 24 மணி நேரம் என்பதை மட்டும் நம்பாதீர்கள்: எந்த மனிதரும் 24 மணி நேரம் விழித்திருக்க முடியாது, இரவில் அவரும் தூங்குவார், நீங்களும் அவர் இருக்கிறார் என்று தூங்குவீர்கள்.


லாசுப்பேட்டை ஆசிரியை:

நான் நோயாளியாக இருந்தவள் என்பதால் கட்டிலில் படுத்திருந்த பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு இரண்டு முழங்கால் மூட்டும் மாற்றப்பட்டன. வீட்டில் வைத்த பெண் மிகவும் அன்பானவள். தண்ணீர் டம்ளரைக்கூட எட்டி எடுக்க விடமாட்டாள். பெட்பேனைக் கட்டிலுக்கே கொண்டுவந்துவிடுவாள். என் பிள்ளைகளுக்கு அவள்மீது அவ்வளவு மரியாதை. ஆனால் பார்க்க வந்த பிசியோ, கழிவறைக்கு நடந்து போய் வருவதுதான் உங்களுக்குத் தினசரிப் பயிற்சி, அதையே இந்தப் பெண் பிடுங்கிக்கொண்டாளே என்று கடிந்துகொண்டார். அன்றிலிருந்து பெட்பேன் பரணுக்குப் போயிற்று. அவளுக்கு வேலை குறைந்ததா என்றால் இல்லை. என் பின்னால் ஒரு கை தூரத்தில் நடந்து வருவது தூக்கிப் பிடிப்பதைவிடப் பொறுமை கேட்கும் வேலை.

தம்பி, ஆள் தேடுவதற்கு முன்னால் வீட்டை ஒருமுறை வாக்கரோடு நடந்து பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிலைப்படி இருக்கும். நாம் பழக்கத்தில் தாண்டிவிடுவோம், வாக்கரின் முன்கால் அதில் இடிக்கும். முற்றம் வைத்த வீடு என்றால் இறங்கி ஏற ஒரு படி வேறு. கழிவறை கொல்லையில் இருந்தால் வழியெல்லாம் பாசி. தரையோடு பதித்த கழிவறையில் அம்மா உட்காரவே கூடாது. அறைக்குள்ளேயே ஒரு கமோடு சேர் போட்டுவிடுங்கள். இரவுக்கு அது போதும், பகலில் கைப்பிடி வைத்த மேற்கத்திய கழிவறைக்கு நடக்கட்டும். மிதியடியையும் ஜமுக்காளத்தையும் சுருட்டி வையுங்கள். பூஜை அறையில் மணை போட்டு உட்கார்ந்தே பழகியவர் என்றால் முன்கூட்டியே ஒரு உயரமான நாற்காலியை அங்கே வைத்துவிடுங்கள். நீங்கள் இல்லாத நேரம் பார்த்து அவர் தரையில் உட்காரப் போவது நிச்சயம்.


நெல்லிக்குப்பத்தார்:

எல்லாரும் சொல்வது சரிதான். எங்கள் வீட்டில் பெரியப்பாவுக்கு எலும்பு முறிந்தபோது புத்தூர் கட்டு போட்டுத்தான் சரியானது. அறுவை முடிந்துவிட்டதால் இனி கட்டு வேண்டாம், ஆனாலும் கெண்டைக்காலில் காலை மாலை தைலம் சூடு பறக்கத் தேய்த்து உருவிவிடுவதும், வாரம் இருமுறை ஆட்டுக்கால் சூப் கொடுப்பதும் நல்லது. உருவிவிடத் தெரிந்த ஆள் எங்கள் ஊரில் இருக்கிறார், வேண்டுமானால் சொல்லி அனுப்புகிறேன்.


வில்லியனூர் பிசியோ:

நெல்லிக்குப்பத்து ஐயா அன்போடு சொல்கிறார். சூப்பைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. உப்பு மட்டும் குறைவாக இருக்கட்டும். ஆனால் கெண்டைக்காலை உருவிவிடுவது கூடவே கூடாது என்பதை இங்கே அழுத்தமாகப் பதிவு செய்கிறேன். இடுப்பு, முழங்கால் அறுவை நடந்தவருக்குக் கெண்டைக்காலின் உள்ளே ரத்தம் உறைந்திருந்தால், தேய்க்கும்போது அந்த உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடலாம், உயிருக்கே ஆபத்தானது. ஒரு காலின் கெண்டைப் பகுதி மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீரென்று மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் யாருக்கும் போன் போட்டு யோசனை கேட்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். அட்டெண்டர் வந்த முதல் நாளே அவருக்கு இதைச் சொல்லிவிடுங்கள். பாசமாகக் கால் அமுக்கிவிடுவது நம் ஊர் வழக்கம்.

உருவுவதற்குப் பதில் நோயாளி தானே செய்ய வேண்டியது இது. படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்துப் பன்னிரண்டு முறை. தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து தளர்த்துவது. இதற்குப் பணம் வாங்கிக்கொண்டு நான் வர வேண்டிய அவசியமில்லை; நான் வருவது அடுத்த கட்டத்துக்கு எப்போது போகலாம் என்று பார்த்துச் சொல்ல.

கெடிலக்கரையான் அவர்களே, டிஸ்சார்ஜுக்கு முன் அறுவை மருத்துவரிடம் இரண்டு விஷயங்களைக் கேட்டு சம்மரியிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அறுவை நடந்த காலில் முழு எடையையும் ஊன்றலாமா, பாதிதானா என்பது ஒன்று. இடுப்பை எந்தப் பக்கமாகத் திறந்தார்கள் என்பது மற்றொன்று. பின்பக்கமாகத் திறந்திருந்தால் பொருத்திய பந்து நழுவாமல் இருக்கச் சில வாரங்களுக்கு மூன்று கட்டுப்பாடுகள் உண்டு: இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கக் கூடாது, காலைக் காலுக்குக் குறுக்கே போடக் கூடாது, அந்தக் காலை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது. நடைமுறையில் இதன் பொருள், உட்காரும் இருக்கை முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும், தரையில் விழுந்ததைக் குனிந்து எடுக்கக் கூடாது, படுக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு தலையணை இருக்க வேண்டும் என்பதுதான். திடீரென்று கடும் வலி வந்து, கால் குட்டையானது போலவோ திரும்பிக்கொண்டது போலவோ தெரிந்தால், நிற்க வைத்துப் பார்க்காமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

முழங்கால் மாற்றியவர்களுக்கு விதி வேறு என்பதால் இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது. சுகமாக இருக்கும், ஆனால் கால் மடங்கியபடியே இறுகிப்போகும்.


கெடிலக்கரையான்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். பின்பக்கமாகத்தான் திறந்திருக்கிறார்கள், முழு எடை ஊன்றலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏஜென்சியை விட்டுவிட்டு, தெரிந்தவர் மூலம் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு அக்காவைப் பகலுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். இரவில் தங்கை.

இப்போது புதிய சிக்கல். பகலெல்லாம் தெளிவாகப் பேசுகிற அம்மா, இரவானால் வேறு ஆளாகிவிடுகிறார். தேவனாம்பட்டினத்தில் இருந்த பழைய வீட்டுக்குப் போக வேண்டும், அப்பா அங்கே காத்திருக்கிறார் என்கிறார்; அப்பா தவறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கட்டிலிலிருந்து இறங்கப் பார்க்கிறார். வயதானால் இப்படித்தான், ஒரு தூக்க மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது.


வீட்டுச் செவிலி:

ஐயா, தயவுசெய்து தூக்க மாத்திரை வேண்டாம். இடுப்பு முறிந்து அறுவை நடந்த முதியவர்களுக்கு இந்தக் குழப்ப நிலை அடிக்கடி வருவது; டெலிரியம் என்பார்கள். இது மறதி நோயின் தொடக்கம் அல்ல, உடம்புக்குள் ஏதோ ஒன்று சரியில்லை என்பதன் அறிகுறி. சிறுநீரில் கிருமி, காய்ச்சல், சிறுநீர் முழுதாகப் போகாமல் தேங்குவது, மலச்சிக்கல், தண்ணீர் குறைவு, சர்க்கரை ஏற்ற இறக்கம், ரத்தத்தில் சோடியம் குறைவது, ஆற்றப்படாத வலி, வலிக்குக் கொடுக்கும் டிரமடால் போன்ற மாத்திரை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இன்றே மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். சிறுநீரும், சோடியம் உள்ளிட்ட ரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவார். தூக்க மாத்திரை குழப்பத்தைக் கூட்டும். அந்த மயக்கத்தில் எழுந்து விழுந்தால் அடுத்த இடுப்பு. கட்டிலோடு கையைக் கட்டி வைப்பது சில வீடுகளில் நடக்கிறது. அதையும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடியது: மூக்குக்கண்ணாடியையும், காது மெஷின் இருந்தால் அதையும் பகலெல்லாம் போட்டுவிடுங்கள். பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரட்டும், இரவில் ஒரு சிறிய விளக்கு எரியட்டும். அப்பா இல்லை என்று வாதாடாமல், இப்போது இரவு, நாம் நம் வீட்டில் இருக்கிறோம் என்று தெரிந்த முகம் ஒன்று மெதுவாகச் சொன்னால் போதும். இந்த இரவுகளில் தங்கை பக்கத்தில் இருப்பது எந்தச் செவிலியைவிடவும் மேலானது.


அரியாங்குப்பம் மகள்:

கெடிலக்கரையான் அண்ணா, நீங்கள் எந்த அக்காவை வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. என் அம்மாவும் இதே வேலைக்குத்தான் போகிறார், அதனால் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் ஆளிடம் எதைக் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கு எதைத் தர வேண்டும் என்று ஒருவர்கூட எழுதவில்லை.

12 மணி நேர வேலை என்று பேசிவிட்டு, வீட்டார் பஸ் தாமதம் என்று வரும்வரை உட்கார வைப்பார்கள். புதுச்சேரிக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தைப் பற்றி யாருக்கும் கவலை இருக்காது. நோயாளியைப் பார்க்க வந்தவரிடமே பாத்திரம், துணி, வந்த விருந்தாளிக்குக் காபி என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். நோயாளியின் மலத்தை எடுக்கும் கைக்குத் தனி டம்ளர் வைத்துக் கொல்லையில் சாப்பாடு போட்ட வீடும் உண்டு. அந்த வீட்டு அம்மாளைத்தான் என் அம்மா மூன்று மாதம் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். தங்கி வேலை செய்கிறவர் என்றால் படுக்க ஒரு இடம், கதவு சாத்தும் குளியலறை, தொடர்ந்து ஆறு மணி நேரத் தூக்கம், வாரம் ஒரு நாள் விடுப்பு. இது கிடைக்காத இடத்தில்தான் ஆள் மாறிக்கொண்டே இருப்பார். கையுறையையும் சோப்பையும் வீட்டார்தான் வாங்கித் தர வேண்டும். நோயாளியைத் தூக்கித் தூக்கி என் அம்மாவுக்கே இப்போது இடுப்பு வலி. நோயாளியின் இடுப்பில் பெல்ட் போட்டு அதைப் பிடித்துக்கொள்ளும் முறையை அவருக்குச் சொல்லிக்கொடுத்த பிசியோவை நாங்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறோம்.


முதுநகர்வாசி:

தங்கைச்சி சொன்னது மனதில் தைத்தது. என் பங்குக்கு மழையைப் பற்றி ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் யாருக்காவது இந்த அறுவை நடந்தால் புயலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்த பிறகு எங்கள் பக்கம் மின்சாரம் வர எத்தனை நாள் ஆயிற்று என்பது கடலூர்க்காரர்களுக்கு மறக்காது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. அந்த நாட்களில் பாகூர், அரியாங்குப்பம் பக்கத்திலிருந்து எந்த ஆளும் கடலூருக்கு வந்திருக்க முடியாது.

படுக்கைப்புண் வராமல் இருக்க ஏர் பெட் வாங்கியவர்கள், மோட்டார் நின்றால் அது காற்றிறங்கித் தட்டையாகிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மின்சாரம் போனால் இரண்டு மணிக்கொரு முறை ஆளைத் திருப்பிப் படுக்க வைத்து, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்கு அடியில் துணியை மடித்து வைக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் குதிகாலில்தான் புண் சத்தமில்லாமல் தொடங்குகிறது. ஒரு வார மருந்தும் கையில் இருக்கட்டும்.


மஞ்சக்குப்பம் கணக்கர்:

செலவு பற்றி யாரும் பேசாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவக் காப்பீட்டில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு என்று ஒரு பிரிவு உண்டு. பாலிசியைப் பொறுத்து 60 அல்லது 90 நாள் வரை இருக்கும். மருத்துவர் எழுதிய மருந்து, பரிசோதனை, பிசியோ ஆகியவற்றுக்கு ரசீதோடு கேட்கலாம். அட்டெண்டர் சம்பளத்தைப் பொதுவாகத் தர மாட்டார்கள். செவிலியின் கட்டணம் வேண்டுமென்றால் பாலிசியில் அதற்கென்று தனி வரி இருக்க வேண்டும், மருத்துவரும் அதை எழுத்தில் பரிந்துரைத்திருக்க வேண்டும். கையெழுத்தில்லாத வெள்ளைத்தாள் ரசீது எதற்கும் உதவாது.

இன்னொன்று. நீங்கள் அறுவையைப் புதுச்சேரியில் செய்திருந்தாலும் வீடு கடலூரில் இருப்பதால், தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவைச் சேர்க்கலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. தினமும் வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது, தனியார் பிசியோவுக்கு அது மாற்று ஆகாது. ஆனாலும் உங்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பதிந்துவிடுங்கள். முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு இது பொருந்தாது.


கெடிலக்கரையான்:

செவிலி அம்மா சொன்னபடி அன்றே மருத்துவரை அழைத்தோம். ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. அம்மா நெடுநாளாகச் சாப்பிட்டுவந்த ரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீரைக் கூட்டும் மருந்தும் கலந்திருந்ததாம். அதை மாற்றினார், டிரமடாலையும் நிறுத்தினார். இப்போது இரவில் தூங்குகிறார். தேவனாம்பட்டினம் பேச்சு இல்லை. ஊசியைத் தங்கையே போடுகிறாள். தையல் பிரிக்க மட்டும் ஒரு செவிலி வந்து போனார்.

அரியாங்குப்பத்துத் தங்கைக்கு: எங்கள் வீட்டில் அக்கா எங்களோடுதான் சாப்பிடுகிறார், சாயங்காலம் நேரத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார். அந்த இடுப்புப் பெல்ட்டை உங்கள் பதிவைப் பார்த்துத்தான் வாங்கினோம்.

தங்கை சென்னைக்குத் திரும்ப வேண்டும். இரவுக்கு ஒரு ஆள் போட வேண்டுமா, பகல் ஆளை எதுவரை வைத்திருக்க வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்று பிசியோ ஐயா சொன்னால் நல்லது.


வில்லியனூர் பிசியோ:

நாட்கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள்; அம்மா என்ன செய்கிறார் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். படுக்கையிலிருந்து யாரும் தொடாமல் எழுந்து உட்கார்ந்து, சற்று நேரம் அப்படியே இருந்து, தலைசுற்றல் இல்லாமல் வாக்கரைப் பிடித்து நிற்கிறாரா என்று இரவு விளக்கு வெளிச்சத்திலேயே பாருங்கள். பகலில் செய்வதை இரவில் தூக்கக் கலக்கத்தில் செய்வது வேறு. கமோடு சேருக்குப் போய்த் திரும்பி வருவதைத் தங்கை கையைக் கட்டிக்கொண்டு நின்று சில இரவுகள் பார்க்கட்டும். மூன்று கட்டுப்பாடுகளையும் நினைவூட்டாமலே அவர் கடைப்பிடித்தால், இரவுக்குத் தனி ஆள் வேண்டாம். நீங்களோ உங்கள் மனைவியோ அதே அறையில் படுத்தால் போதும், ஒரு கைமணியைக் கட்டிலோடு கட்டிவிடுங்கள்.

பகல் ஆளை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். முதலில் அரை நாளாக்குங்கள். குளியல், மதியச் சாப்பாடு, பயிற்சி ஆகிய மூன்றும் விழும் நேரத்துக்கு அவர் இருக்கட்டும். குளியலறைதான் கடைசிவரை துணை வேண்டிய இடம். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை நடந்த கால் முதலில் என்பதை அந்த அக்காவுக்கும் சொல்லிவையுங்கள். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறும்போது, இடது இடுப்பில் அறுவை என்பதால் தடியை வலது கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானோர் வலிக்கிற பக்கமே பிடிப்பார்கள்.

அடுத்த முறை அறுவை மருத்துவரைப் பார்க்கும்போது எலும்பு வலுவுக்கு மருந்து உண்டா என்று கேளுங்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு முறிகிறது என்றால் எலும்பு தேய்ந்திருக்கிறது என்று பொருள். மறுபக்கமும் முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிட இவருக்கு அதிகம். வைட்டமின் டி, கால்சியத்தோடு வேறு மருந்தும் தேவைப்படலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் இது பெரும்பாலும் விட்டுப்போகிறது, கேட்டால்தான் எழுதுவார்கள். அந்தக் கொல்லைப்புறப் பாசியை ஆள் வைத்துச் சுரண்டி எடுத்தாயிற்றா?


கெடிலக்கரையான்:

பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாயிற்று, ஐயா. கொல்லைக்கதவுக்கு உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் வைத்தாயிற்று. அதற்காக அம்மா இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. வரும் வாரத்திலிருந்து அக்காவை அரை நாளாக்குவது பற்றி அவரிடமே கேட்டேன். காலையில் இங்கேயும் மதியத்துக்கு மேல் செம்மண்டலத்தில் இன்னொரு வீட்டிலும் பார்க்க முடியும் என்கிறார். அப்படி ஒரு வீடு தேவைப்படுகிறவர்கள் இங்கே இருந்தால் தனிச் செய்தி அனுப்புங்கள்.